தயாரா புக்யால்: காசும் கரைஞ்சது, மண்ணும் கரையுது

உத்தராகண்டில் இருக்கிற தயாரா புக்யாலுக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்தேன். புக்யால் என்றால் மரம் வளராத உயரத்தில் இருக்கும் மலைப் புல்வெளி. ஷூவில் ஒட்டிய கறுப்பு மண்ணை இன்னும் தட்டவில்லை. முதலில் ஒரு ஜீப் கதையைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

உத்தரகாசியிலிருந்து ரைதல் கிராமம் 40 கிலோமீட்டர் சொச்சம். ஷேர் ஜீப்பில் தலைக்கு 150 ரூபாய். "கடைசி வண்டி போயாச்சு" என்று சொல்லி ஒரு ஆசாமி 2,500 கறந்தார். பட்வாடி தாண்டியதும் எங்களை முந்திக்கொண்டு போனது ஒரு ஷேர் ஜீப், பாதி காலியாக! மூன்று நாள் சாப்பாட்டுக் காசு போச்சு.

கோபத்தை ஆற்றியது ராத்திரிச் சாப்பாடு. தங்கிய வீட்டு அம்மா மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் போட்டார். ஒரு வாய் வைத்ததும் சிரித்துவிட்டேன். அட, நம்ம கேழ்வரகும் கொள்ளும்! மேலே ஒரு கரண்டி நெய் வேறு. ஐந்து ரொட்டி உள்ளே போனது.

மறுநாள் ஏற்றம். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். 3,000 மீட்டருக்கு மேலே மரங்கள் சட்டென்று நின்று, அக்டோபர் வெயிலில் பழுப்பேறிய புல்வெளி விரிந்தது. கத்தவே கத்திவிட்டேன்.

ஆனால் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு அரிப்பு. குனிந்து பார்த்தேன். மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதில் பஞ்சு மாதிரி பின்னிக்கிடக்கும் வேர், கீழே வெறும் சரளை. மொத்தச் சொத்தே அந்தச் சாண்தான். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்வதால், செத்த இலையும் வேரும் முழுசாக மக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது.

சூடு கூடினால் சீக்கிரம் மக்கும், நைட்ரஜன் நிறைய வரும், புல்லுக்கு நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துச் செலவழித்துவிட்டு வருமானம் என்று சொல்கிற கதை அது. புல் உறிஞ்சியது போக மிச்ச நைட்ரேட் மழையோடு கீழே இறங்கிவிடும். கரிமம் வாயுவாகப் பறந்துவிடும். பாஸ்பரஸோ பாறை தேய்ந்து வரவேண்டியது, அவசரப்படுத்தினால் வராது.

கூட வந்த வழிகாட்டித் தம்பி, சின்ன வயதில் இங்கே இடுப்பளவு பனி பார்த்ததாகவும் இப்போது அப்படி விழுவதில்லை என்றும் சொன்னான். பனி குறைந்தால் மண்ணுக்குக் குளிர் கூடும் என்பதுதான் வேடிக்கை. பனிதான் அதற்குக் கம்பளி. அது இல்லாமல் மண் உறைந்து, உருகி, மறுபடி உறைய, வேரும் நுண்ணுயிரும் சிதைகின்றன. அவற்றிலிருந்த சத்து, புல் கண்விழிப்பதற்குள் உருகுநீரோடு போய்விடுகிறது.

அரிப்புகளில் வனத்துறை தேங்காய் நார்ப் பாய் விரித்திருக்கிறது. தென்னையே இல்லாத மலையில்! ஓரிடத்தில் நாரைத் துளைத்துக்கொண்டு புல் எட்டிப் பார்த்தது. பத்தடி தள்ளி ஒரு கும்பல் ரீல்ஸுக்காகச் சரிவில் சறுக்கி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை போட்டபோது முணுமுணுத்தவன் நான். வாபஸ்.

இறங்கும்போது காலை ஷேர் ஜீப், 150 ரூபாய். உத்தரகாசி ஸ்டாண்டில் அந்த 2,500 ஆசாமி சிரித்துக் கையாட்டினார். நான் ஆட்டவில்லை.