தண்ணீர் கேன் கணக்கு வாங்கித் தந்த முதல் வேலை

2022ல் இசிஇ முடித்துவிட்டு வேளச்சேரியில் ரூம் எடுத்து எட்டு மாதம் சாஃப்ட்வேர் வேலை தேடினேன். ரெஸ்யூமேயில் மூன்று ப்ராஜெக்ட் இருந்தன, மூன்றும் யூடியூப் பார்த்து அடித்தவை. ஒரு இன்டர்வியூவில் "இதை யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

சித்தப்பா பள்ளிக்கரணையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறார். எந்த வீட்டுக்கு எத்தனை கேன் போனது, காலி கேன் எத்தனை திரும்பியது, பாக்கி எவ்வளவு, எல்லாம் ஒரு நோட்டில். அதைப் பைத்தான் மொழியில், ஃபிளாஸ்க் என்ற கருவியை வைத்து வெப் ஆப்பாக எழுதிக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் முடிந்தது. ஆனால் நான் படித்தது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூன்றாம் நாளே சித்தப்பா, "டேய், காலையில் போட்ட கேன் எல்லாம் நேத்து கணக்கில் விழுதுடா" என்றார். ஆப் இருக்கும் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், அதனால் விடியற்காலை ஐந்து மணி டெலிவரி சர்வருக்கு முந்தைய நாள் இரவு 11.30. எந்த வீடியோவிலும் எனக்கு இது வரவில்லை. அடுத்து, இலவச சர்வரிலேயே எஸ்கியூலைட் என்ற ஒற்றை ஃபைல் டேட்டாபேஸாக டேட்டாவை வைத்திருந்தேன், சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் அந்த ஃபைல் அழிந்து பதினொரு நாள் கணக்கு போய்விட்டது. நல்லவேளையாக சித்தப்பா நோட்டை விடவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து இரவு ஒரு மணி வரை திரும்ப ஏற்றினோம். மறுநாளே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றி, தினமும் தானாகப் பேக்கப் எடுக்க கிரான் என்ற டைமர் போட்டேன்.

அடுத்த இன்டர்வியூவில் இந்த இரண்டு தவறுகளைப் பற்றியே இருபது நிமிடம் பேசினோம். அந்த வேலைதான் கிடைத்தது.

அதனால் சொல்கிறேன், தெருவில் மளிகைக்கடை, டியூஷன் சென்டர், தையல்கடை எது இருந்தாலும் போய், எந்தக் கணக்கை ஆப்பாக எழுதித் தரலாம் என்று கேளுங்கள். ஒரே ஒருவர் தினமும் பயன்படுத்தினால் போதும். ஒவ்வொரு திருத்தத்தையும், கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் கமிட் செய்யுங்கள் (பதிவு செய்யுங்கள்), என்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பு ஃபைலில் தமிழிலோ ஆங்கிலத்திலோ நாலு வரி எழுதி வையுங்கள், இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அதுதான் கைகொடுக்கும். அப்படி யாரும் அமையாவிட்டால் ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன: கிட்ஹப்பில் புதியவர்களுக்கான 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைத் தேடி, யாரோ சொன்ன பிழையை (பக்) உங்கள் கணினியில் வரவைத்துப் பாருங்கள், வந்தால் எந்த வெர்ஷனில், எந்தப் படியில் வந்தது என்று எழுதுங்கள். அதுவே பெரிய உதவி. ஓப்பன் சோர்ஸில் பங்களிக்கப் புதியவர்களுக்கு வாய்ப்புத் தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டமும் 2022 முதல் மாணவர்களுக்கு மட்டும் என்று இல்லை, படிப்பு முடித்தவர்களும் ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்களாக இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தருகிறோம் என்று வருபவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். என் ரூம்மேட் ஊரிலிருந்து வாங்கி வந்த பணத்தை அப்படித்தான் கட்டினான், வந்தது ஒரு பிடிஎஃப் மட்டும்.