என் மூக்குக்கு வைத்த தேர்வு

கேஸ் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாடை அளக்கும் ஆய்வகம் ஒன்று முகர்வுக் குழுவுக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பெருமையோடுதான் போய் நின்றேன். மூக்கு ரொம்பக் கூர்மையாக இருந்தாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள் என்பது அப்போது தெரியாது.

கழிவுநீர் நிலையம் நாறுகிறது என்று புகார் வந்தால் கருவி வைத்து அளந்துவிடலாமே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குக் கருவி உண்டு, அம்மோனியாவுக்கும் உண்டு. ஆனால் அந்தக் காற்றில் எத்தனையோ சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. கருவி பூஜ்யம் காட்டும் இடத்திலும் மூக்கு சுளிக்கும். அதனால்தான் இஎன் 13725 என்ற ஐரோப்பியத் தரநிலை மனித மூக்கையே கருவியாக வைத்திருக்கிறது.

முதல் நாளே சறுக்கல். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது, சென்ட் கூடாது என்றார்கள். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் சட்டையில் துணி சோப்பின் வாசனை. பக்கத்தில் உட்காருபவரின் மூக்கைக் கெடுக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுமுறை வெறும் தண்ணீரில் அலசிய சட்டையோடு போனேன். கருவியில் இரண்டு முகர்வுக் குழாய்கள். ஒன்றில் சுத்தமான காற்று, மற்றதில் என்-பியூட்டனால் என்ற ஆல்கஹால் கலந்த காற்று. மார்க்கர் பேனாவைத் திறந்ததுபோல் ஒரு வாடை அதற்கு. எது என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஊகமா, லேசான சந்தேகமா, உறுதியா என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் செறிவு இரு மடங்காக ஏறும். முதல் சில படிகளில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்ததுபோல் ஒரு பிரமை வந்து, வெறும் காற்றைக் காட்டினேன். ஐந்தாவது படியில் பேனா வாடை மெல்ல வந்து நின்றது.

மூன்று வெவ்வேறு நாட்களில், குறைந்தது பத்து முறையாவது இப்படி. நூறு கோடிப் பங்கு காற்றில் 20 முதல் 80 பங்கு பியூட்டனால் இருக்கும்போது கண்டுபிடிப்பவர்தான் தேறுவார். முடிவுகள் நாளுக்கு நாள் அதிகம் ஆடவும் கூடாது. என்னோடு வந்த ஒருவர் 20க்கும் கீழேயே பிடித்துவிட்டார். அவரைத்தான் நிராகரித்தார்கள்! அப்படிப்பட்ட மூக்குகளை வைத்து அளந்தால் எண் ஊதிப்போகும் என்பது நியாயம்தான். நான் தேறினேன், அதாவது என் மூக்கு சுமார் ரகம் என்று சான்றிதழ் கிடைத்தது. வீட்டில் சொல்லவில்லை.

பிறகு உண்மையான மாதிரிகள். மாதிரிக் காற்றைப் பிடிக்கும் பையை ஒரு டிரம்முக்குள் வைத்து மூடி, டிரம்மின் காற்றைப் பம்பால் உறிஞ்சுவார்கள். நுரையீரல்போலப் பை தானே விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மாதிரி பம்புக்குள் போகாததால் பம்பின் வாடை அதில் ஒட்டாது. 30 மணி நேரத்துக்குள் முகர்ந்தாக வேண்டும். ஆயிரம் மடங்கு நீர்த்த பிறகும் குழுவில் பாதிப் பேருக்குத் தெரிந்தால், அது கன மீட்டருக்கு ஆயிரம் வாடை அலகு.

பழந்தமிழில் நறுமணத்துக்கும் நாற்றம் என்றே பெயர். அந்த அலகும் அப்படித்தான், மல்லிகையா சாக்கடையா என்று பார்ப்பதில்லை. இதில் எனக்கு மனக்குறை உண்டு. புகார் கொடுத்தவரைப் படுத்துவது வெறும் எண் அல்லவே.

அதனால்தான் நாறும் ஊருக்கே போய் முகரும் கள முகர்வு எனக்குப் பிடித்தது. குறித்த இடத்தில் பத்து நிமிடம் நின்று, பத்து விநாடிக்கு ஒரு முறை முகர்ந்து குறிக்க வேண்டும். மொத்தம் 60 மூச்சு. ஆறிலாவது வாடை தெரிந்தால் அது ‘வாடை மணி’, அதாவது அந்த ஒரு மணி நேரமே நாறியதாகக் கணக்கில் ஏறும். இப்படி ஓராண்டில் 104 நாட்கள், இரவு பகல் எல்லா நேரத்திலும்.

முதல் நாள் என் தாளில் ஐந்து குறிகள். ஆறாவதுக்காகக் காத்திருந்ததுபோலக் கடைசி மூச்சை இழுத்தேன், வரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “நேற்று ராத்திரி வந்திருக்க வேண்டும் நீங்கள்” என்றார். அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு அடுத்த முறை விழுந்திருந்தது அதிகாலை மூன்று மணி.