மீன் தொட்டி வலைக்கு எதுக்குங்க மருந்து, மொதல்ல காய வைங்க

சென்னை கொளத்தூர் பக்கம் வளப்பு மீன் வாங்கப் போனா மீனைப் பாக்குறதுக்கு முன்னாடி கடைக்காரர் கையில இருக்குற வலைய பாருங்க. நிறைய கடைல கீழ ஒரு பக்கெட் இருக்கும், ஒரு டேங்க்ல மீன் புடிச்சிட்டு வலைய அதுல ஒரு முக்கு முக்கி அடுத்த டேங்க்ல விடுவாங்க. காலைல பெர்மாங்கனேட் கலக்கும்போது நல்ல ஊதா கலர்ல இருந்த தண்ணி, நாம போற நேரத்துக்கு டிகாஷன் கலருக்கு வந்திருக்கும். பிரவுன் ஆயிடுச்சுன்னா அந்த தண்ணில மருந்து தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். வலையோட வர்ற சளி, பாசி, மீன் கழிவு எல்லாத்தையும் எரிச்சே பெர்மாங்கனேட் காலியாயிடும், மிச்சம் நிக்கிறது வெறும் மாங்கனீஸ் பொடிதான். புதுசா கலந்ததா இருந்தாலும் ரெண்டு செகண்ட் முக்குனா கிருமி சாகும்னு நம்ப முடியாது. எல்லா கடையும் இப்படின்னு சொல்லல, டேங்குக்கு ஒரு வலைன்னு தனித்தனியா மாட்டி வச்சிருக்குற கடைங்களும் இருக்கு, கொஞ்சம் காசு கூட ஆனாலும் நான் அங்கதான் வாங்குவேன்.

சரி கடைய விடுங்க, நம்ம வீட்டுல என்ன பண்றோம்? புது மீன் போட்டு வச்சிருக்குற டேங்க்ல ஒரு மீன் செத்து மிதக்குது, வலையால எடுத்து போடுறோம், அதே வலைய குழாய்ல லேசா அலசி பழைய டேங்க் மேல மாட்டிடுறோம். ஈரத்தோட. ஒயிட் ஸ்பாட்ங்கிற ஒட்டுண்ணி நோய்க்கு இதுக்கு மேல என்ன வேணும், மீன் உடம்புல தெரியுற அந்த வெள்ளப் புள்ளி பழுத்து கீழ விழுந்து கல்லு, கண்ணாடி, வலைன்னு கெடச்ச இடத்துல ஒட்டிக்கும், அங்கயே உக்காந்து உள்ளுக்குள்ள பெருகி நூத்துக்கணக்குல குட்டிங்கள வெளிய விடும், நம்ம ஊரு தண்ணி சூட்டுல இதெல்லாம் ஒரு நாள்ல நடந்து முடிஞ்சிடும். அந்த குட்டிங்களுக்கு ரெண்டு நாளைக்குள்ள ஒரு மீன் கெடைக்கலன்னா செத்துடும். அதே சமயம் அந்த ஒட்டுண்ணி ஈரமில்லாம தாங்கவே தாங்காது, முழுசா காஞ்சிடுச்சுன்னா கதை முடிஞ்சுது.

அதனாலதான் சொல்றேன், மருந்தெல்லாம் அப்புறம், மொதல்ல வலைய மொட்டை மாடி கொடில க்ளிப் போட்டு மாட்டுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு வலைத்துணி சீக்கிரமே காஞ்சிடும், ஆனா கையில தொட்டு பாருங்க, துணி காஞ்சிருக்கும், அந்த கம்பிய சுத்தி மடிச்சு தச்சிருப்பாங்கல்ல, அந்த ஓரம் மட்டும் ஈரமா இருக்கும். சளியும் அழுக்கும் சேர்றதும் அங்கதான். அந்த மடிப்ப வெளிப்பக்கமா திருப்பி பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு கழுவிட்டு காய வைக்கணும். மழைக்காலத்துல வீட்டுக்குள்ள ஃபேன் காத்துல போட்டா ரெண்டு நாள் விட்டுடுங்க, அவசரம் வேணாம். இதுக்காகவே ரெண்டு மூணு வலை வச்சுக்கணும், ஒண்ணு காயும்போது இன்னொண்ணு, அதுலயும் டேங்குக்கு ஒண்ணுன்னு கைப்பிடில கலர் டேப் சுத்தி வச்சிட்டா வீட்டுல வேற யாராச்சும் எடுத்தாலும் மாறாது.

நோய் வந்து மீன் செத்த டேங்க்னா காய வைக்கிறது மட்டும் பத்தாது. அங்க நம்ம ஆளு ப்ளீச்சிங் பவுடர். புதுசா இருந்தா அதுல 30 சதவீதம் பக்கம் குளோரின் இருக்கும், ஆனா பொட்டலம் பிரிச்சு பாத்ரூம்ல மாசக்கணக்குல கெடந்ததுன்னா அதுல பாதி கூட இருக்காது, மூக்கு கிட்ட போனா நெடி சுள்ளுன்னு வரலன்னா அத தெருவுல தூவ வச்சுக்கோங்க, வலைக்கு வேணாம். 10 லிட்டர் பக்கெட்டுக்கு குவியாம ரெண்டு டீஸ்பூன் போட்டா ஏறக்குறைய 200 பிபிஎம் வரும், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு 200 பங்கு குளோரின். நேரா பக்கெட்ல கொட்டாதீங்க, ஒரு மக்ல கலக்கி கொஞ்ச நேரம் விட்டா சுண்ணாம்பு அடில தங்கிடும், தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்துங்க, இல்லன்னா வலைக் கண்ணுல வெள்ள வெள்ளயா ஒட்டிக்கிட்டு போகவே போகாது. லிக்விட் ப்ளீச் கெடச்சா இன்னும் சுலபம், 4 சதவீதம் உள்ளதுன்னா 10 லிட்டருக்கு 50 மில்லி, வாசனையும் நுரையும் இருக்குற டாய்லெட் சமாச்சாரம் இல்ல, வெறும் சோடியம் ஹைப்போகுளோரைட். ஒரு மணி நேரம் ஊற வச்சா போதும். ராத்திரி பூரா போட்டு வச்சா நல்லா சுத்தமாகும்னு நெனச்சு போடாதீங்க, நைலான் இத்துப்போகும், கம்பி துரு புடிக்கும்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. அழுக்கோட ப்ளீச்ல போட்டா குளோரின் அழுக்கோட மல்லுக்கட்டியே தீர்ந்துடும், கிருமிகிட்ட போகவே போகாது, அதனால தேச்சு கழுவுறது மொதல்ல. அடுத்தது, பாத்ரூம் ஆசிட், வினிகர் எதையும் இதோட கலந்துடாதீங்க, வர்ற புகை குளோரின் கேஸ், அது மனுஷனுக்கே ஆபத்து. பால்கனி இல்ல மாடில வச்சு பண்ணுங்க, கைக்கு க்ளவுஸ் போட்டுக்கோங்க.

ஊறினதுக்கு அப்புறம் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ அலசி, இன்னொரு பக்கெட்ல சோடியம் தயோசல்ஃபேட் ஒரு டீஸ்பூன் கரைச்சு அதுல பத்து நிமிஷம் போட்டு எடுங்க. கடைல சின்ன பாட்டில்ல ஆன்ட்டி குளோரின்னு விக்கிறது பெரும்பாலும் இந்த உப்ப தண்ணில கரைச்சதுதான், கிரிஸ்டலா கிலோ கணக்குல வாங்கினா ரொம்ப மலிவு, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்கி பிரிச்சுக்கலாம். மோந்து பாத்து வாசனை இல்லன்னா ஓகேன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, மூக்க நம்பாதீங்க, மீனுக்கு ஆகாத அளவு குளோரின் நம்ம மூக்குக்கு தெரியாது. சொட்டு மருந்து மாதிரி விட்டு பாக்குற குளோரின் டெஸ்ட் கிட் இருக்கு, தண்ணி மஞ்சளா மாறினா இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

இப்ப மத்த சாமான். காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன மருந்து போட்டு காப்பாத்துறது வெட்டி வேலை, கண்ணு கண்ணா உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, நோய் வந்த டேங்க்ல இருந்தா தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்க. டேங்க் தண்ணிய வெளிய எடுக்குற சைஃபன் டியூப்தான் எல்லாரும் மறக்குறது, வலைய காய வச்சிட்டு டியூப சுருட்டி ஈரத்தோட மூலைல போட்டிருப்பாங்க, உள்ள தண்ணி நாள் கணக்குல நிக்கும். ரெண்டு முனையும் கீழ தொங்குற மாதிரி ஆணில மாட்டுங்க, வடிஞ்சிடும். ஹீட்டர ப்ளக்க புடுங்கி ஆறவிட்டு அப்புறம் துடைங்க. மரக்கட்டைய ப்ளீச்ல போடவே போடாதீங்க, குளோரின உறிஞ்சி வச்சுக்கிட்டு அப்புறம் மெதுவா விடும், பெரிய சட்டில தண்ணி ஊத்தி வேக வைக்கிறதுதான் வழி.

தண்ணிய வடிகட்டுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் விஷயம் வேற. அதுல அம்மோனியாவ தின்னுற நல்ல பாக்டீரியா குடியிருக்கு, சும்மா வாராவாரம் சுத்தம் பண்றேன்னு அதுக்கு ப்ளீச் போட்டா அடுத்த நாளே தண்ணி கெட்டு மீன் மேல வந்து வாய பொளக்கும். சாதாரண நாள்ல டேங்க்ல இருந்து எடுத்த தண்ணிலயே புழிஞ்சு எடுத்தா போதும். டேங்கே நோயில காலியானா மட்டும் ஸ்பாஞ்சுக்கு ப்ளீச், இல்லன்னா புது ஸ்பாஞ்ச், எப்படியும் மறுபடி சைக்கிள் பண்ணித்தான் ஆகணும், அதாவது அந்த நல்ல பாக்டீரியாவ மொதல்ல இருந்து வளத்தெடுக்கணும்.

டெட்டால் போடலாமான்னு ஒருத்தர் விடாம கேக்குறாரு. வேணாம் பாஸ், அது மீனுக்கு நேரடி விஷம், வலைக் கண்ணுல துளி தங்கினாலும் வம்பு. கல்லு உப்பு கரைச்ச தண்ணி? சில ஒட்டுண்ணிக்கு சரி, பாக்டீரியாவுக்கு பெருசா நம்ப முடியாது.

கடைசியா மீன் டிபி, மீனுக்கு வர்ற காசநோய். மீன் சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போகும், முதுகு வளையும், வயிறு ஒட்டும், எந்த மருந்துக்கும் கேக்காது, அப்ப சந்தேகப்படுங்க. இத உண்டாக்குற மைக்கோபாக்டீரியம்ங்கிற கிருமி மேல மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கு, அதனால காய வச்சாலும் நம்ப முடியாது, 200 பிபிஎம் ப்ளீச்சும் இதுக்கு பத்தாது. 70 சதவீத ஆல்கஹால்தான் இதுக்கு சரியான ஆளு, கழுவின வலைல நல்லா நனையுற மாதிரி அடிச்சு சில நிமிஷம் ஈரமாவே வச்சிருந்து அப்புறம் காய விடுங்க. மெடிக்கல்ல கெடைக்கிற வெறும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்குங்க, கொரோனா சமயத்துல மிச்சமான ஜெல் சானிடைசர் வேணாம், அதுல கிளிசரின், சென்ட்டுன்னு என்னென்னவோ இருக்கு. அடுப்பு, விளக்கு பக்கத்துல அடிக்காதீங்க, அக்ரிலிக் டேங்க்லயும் படாம பாத்துக்கோங்க, கீறல் கீறலா வெடிப்பு விடும்.

இது மனுஷனுக்கும் ஒட்டும். கையில வெட்டுக்காயம் இருக்கும்போது டேங்குக்குள்ள கைய விட்டா சில வாரம் கழிச்சு அங்க செவப்பா ஒரு கட்டி வந்து ஆறாமலே நிக்கலாம், அப்படி வந்தா ஸ்கின் டாக்டர்கிட்ட வீட்டுல மீன் வளக்குறேன்னு நீங்களா சொல்லிடுங்க, சொல்லலன்னா அவருக்கு அந்த பக்கம் யோசிக்கவே தோணாது. முழங்கை வரைக்கும் வர்ற க்ளவுஸ் வாங்கி வச்சுக்கோங்க, அதையும் வலையோட சேத்து கழுவி மாடில காய போடுங்க.