பிள்ளை குடித்துவிட்டு வந்த இரவும் அதற்குப் பிறகும்

அந்த இரவில் விசாரணை வேண்டாம். முதலில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தனியாக விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் ஏற நேரமாகும், அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் போதை கூடலாம். காபியோ தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோ போதையை இறக்காது. எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி என்று எதைக் கண்டாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பேச்சு மறுநாள், போதை முழுக்கத் தெளிந்த பிறகு. அதற்கு முன் அப்பாவும் அம்மாவும் தனியாக உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்துவிட வேண்டும். ஒருவர் கத்த, இன்னொருவர் "சின்னப் பிள்ளைதானே" என்றால் பேச்சு அங்கேயே செத்துவிடும். "நேற்று என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் மிகவும் கடினம். ஸ்டாட்டின், கெர் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்வீடனில் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னதுதான்; வேவு பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சமே. அன்று அடித்தால் அந்த வழி அடைபடும்.

பிறகு விதி. "வளரும் வயதில் குடி கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். தண்டனை இரண்டு வார இறுதிகளுக்கு வெளியே போகத் தடை என்ற அளவில் இருக்கட்டும். ஆறு மாதத் தடையைப் பெற்றோரே மூன்றாம் வாரத்தில் தளர்த்திவிடுவார்கள், அதோடு விதிக்கும் மதிப்பு போய்விடும். கூடவே ஒரு வாக்குறுதியும் வேண்டும்: "வண்டி ஓட்டுகிறவன் குடித்திருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப்போகிறோம், அன்று ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்." மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

"வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே அளவோடு இருப்பான்" என்று நல்ல பெற்றோரே நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பதின்வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. பெற்றோர் கொடுத்ததால் பாதுகாப்பு கிடைத்ததற்கு அதில் ஆதாரமே இல்லை, அப்படிப்பட்ட பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியிருந்தது. வீட்டில் பாட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். "இன்னிக்கு செம டென்ஷன், ஒரு பெக் போட்டாத்தான் தூக்கம் வரும்" என்று பிள்ளை காதுபடச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். டென்ஷனுக்கு மருந்து எது என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

தனியாகக் குடிப்பது, காலையிலேயே குடிப்பது, முந்தின இரவு நடந்தது நினைவில்லாமல் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுப் பேச்சோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.