ஐஎஸ்ஏவுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் முன்

சர்வதேச சமூகவியல் சங்கம், அதாவது ஐஎஸ்ஏ, 1949இல் யுனெஸ்கோ ஆதரவில் தொடங்கியது. உலக மாநாடு நாலு வருஷத்துக்கு ஒருமுறை. 2023இல் மெல்போர்ன், அடுத்தது 2027இல் தென் கொரியாவின் குவாங்ஜு. இரண்டு மாநாடுகளுக்கு இடையில் ஃபோரம் என்ற இன்னொரு கூட்டமும் உண்டு.

உறுப்பினர் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. நாட்டின் வருமானத்தை வைத்து ஏ, பி, சி என மூன்று வகை. நீங்கள் வசிக்கும் நாடுதான் கணக்கு. ஒருமுறை கட்டினால் நாலு வருஷம் செல்லும். மாணவர்களுக்குக் குறைவு.

பலர் சறுக்குவது இங்கேதான்: சங்கத்தில் சேர்ந்தால் ஆய்வுக் குழுவிலும் (சங்கத்துக்குள் தலைப்புவாரியாக இயங்கும் பிரிவு) சேர்ந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அது தனிச் சந்தா. பயண உதவித்தொகை பெரும்பாலும் குழு வழியாகத்தான் வரும், அதனால் இரண்டிலும் சந்தா நடப்பில் இருக்க வேண்டும்.

மாநாட்டில் பேச அனுப்பும் ஆய்வுச் சுருக்கம் 300 சொல்லுக்குள். அமர்வு அமைப்பாளருக்கு மெயில் போட்டால் போதாது, இணையத்தில் ஏற்றினால்தான் கணக்கில் வரும். ஏற்றுக்கொண்ட மெயிலைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். கெடுவுக்குள் பதிவுக்கட்டணம் கட்டாவிட்டால் நிகழ்ச்சி நிரலில் பெயர் போய்விடும். விசாவுக்கும் அப்போதே ஓட ஆரம்பிப்பது நல்லது.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றும் அலுவல் மொழிகள். காகிதத்தில் சமம், அரங்கில் ஆங்கிலத்தின் கைதான் ஓங்கியிருக்கும். கட்டணத்தைக் குறைத்தது போல இதை எளிதில் சரிசெய்ய முடியவில்லை. ஸ்லைடை ஒரு மொழியிலும் பேச்சை இன்னொன்றிலும் வைத்தால் கேட்பவர்கள் கொஞ்சம் கூடுவார்கள்.