ஆழ்ந்த கவலை

2007இல் கொழும்பு நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பகுதிக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்தேன். அன்றிலிருந்து என் விரல்கள் அதிகம் தட்டிய சொல் 'கவலை'. ஐ.நா. செயலாளர் நாயகம் கவலை தெரிவித்தார். நிலைமை முற்றினால் ஆழ்ந்த கவலை. இன்னும் முற்றினால் வன்மையான கண்டனம். படி தவறி ஏறக்கூடாது. மூலத்தில் இல்லாத கண்டனத்தைப் போட்டு ஒருமுறை நன்றாக ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

2009இன் தொடக்கத்தில் ஓர் இரவு. எங்களுக்கு ஒப்புநோக்கும் ஐயாவின் தங்கை குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தது. நான் கொடுத்த தாளில் பிழை ஏதும் இல்லை. இருந்தும் 'ஆழ்ந்த கவலை'யைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். "தம்பி, கவலைப்பட்டு முடிந்ததும் என்ன செய்வார்கள்?"

செய்ததைச் சொல்வதானால், 2008 செப்டெம்பரிலேயே ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறியிருந்தார்கள். பாதுகாப்புச் சபையோ போர் முடியும்வரை இலங்கையை முறைப்படி நிகழ்ச்சிநிரலில் எடுக்கவே இல்லை. தன் பொறுப்பில் தவறியதை ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அதற்குள் ஐயா ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய மறுநாள், 2022 பெப்ரவரி 25, சபையின் 15 உறுப்பினர்களில் 11 பேர் அதை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை ஆதரித்தார்கள். எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கும் வீட்டோ அதிகாரம் உள்ள ரஷ்யாவின் ஒரு கை அதை வீழ்த்தியது. அந்த மாதம் தலைமைக் கதிரையும் ரஷ்யாவிடமே! குற்றம் சாட்டப்பட்டவரே நீதவானாக இருக்கும் வழக்கை எந்தச் சொல்லால் மொழிபெயர்த்தாலும் ஒன்றுதான்.

இதையெல்லாம் வைத்து அந்தச் சபையே வீண் என்று முன்பெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் வாயை அடைத்தது மசிடோனியா. யூகோஸ்லாவியா சிதறிக்கொண்டிருந்த 1992 டிசம்பரில், சண்டை மூளுமுன்பே அந்நாட்டு எல்லைக்கு அமைதிப் படையினரை அனுப்பச் சபை முடிவெடுத்தது. பின்னர் அவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரானார்கள். ஆறு ஆண்டுகள் அங்கே போர் எட்டிப் பார்க்கவில்லை. 1999 ஜனவரியில், சீனா தன் பகுதி என்று உரிமை கோரும் தாய்வானை மசிடோனியா அங்கீகரித்தது. அடுத்த மாதமே சீனா வீட்டோவைப் பயன்படுத்தி அந்தப் படையை வீட்டுக்கு அனுப்பியது. நிலைமை சீராகிவிட்டதாம். 2001இல் அங்கே துப்பாக்கிகள் வெடித்தன. படை நின்றிருந்தால் வெடித்திராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு மதியம் எங்கள் பழைய இதழ்க் கட்டுகளை இறக்கி அந்த ஆறு ஆண்டுகளைப் புரட்டினேன். பொஸ்னியா பக்கம் பக்கமாகக் கிடந்தது. மசிடோனியா எல்லையில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரி அகப்படவில்லை.