ஏட்டி, தெரியுதா?

போன மாசம் அம்மா போனில் சொன்னது ஒரே புகார். "மழை தூறினா போதும், டிவி போயிருது மக்களே. கட்டம் கட்டமா நிக்குது." மாத வாடகை இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்து நாலு வருஷம் ஆகிறது. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் பெரிய தட்டு போட வேண்டும் என்றாராம். எனக்கு உடனே பழைய பூஸ்டர் ஞாபகம் வந்தது.

அது 1990 வாக்கில். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், படந்தாலுமூடு பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், அப்பா ஒரு ஜிஐ பைப்பை நட்டு, உச்சியில் அலுமினியக் குச்சி ஆண்டெனாவைக் கட்டியிருந்தார். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். அங்கே குடப்பனக்குன்னு டிவி நிலையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், படம் கண்ணாடி மாதிரி வரும். அம்மச்சிக்கு அந்த மலையாளச் செய்தியே போதும். எங்கள் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம்.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி தமிழ்ப் பாட்டு வேண்டும். அதற்குக் கொடைக்கானல். இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆண்டெனாவை ஏறக்குறைய நேர் வடக்கே திருப்ப வேண்டும். அண்ணன் மட்டுப்பாவில், நான் ஜன்னலில், அம்மா டிவி முன்னால்.

"ஏட்டி, தெரியுதா?"

"இல்லண்ணா."

"இப்போ?"

"கொசு பறக்குது."

"இப்போ?"

"ஆளு தெரியுது! ஆனா ரெண்டு ரெண்டா தெரியுது!"

அண்ணன் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை படம் நிற்கும். கையை விட்டு இறங்கினால் போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் அவனை மேலேயே நிறுத்திவிடலாமா என்று அப்பா நிஜமாகவே யோசித்தார்.

டிவி ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் வந்தார். "பூஸ்டர் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். கொசுவெல்லாம் ஈ அளவுக்கு வளர்ந்ததுதான் மிச்சம். பூஸ்டருக்கு எது படம், எது இரைச்சல் என்று தெரியாது, வருவதையெல்லாம் பெருக்கும். ஏற்கெனவே மெலிந்த சிக்னல் பதினைந்து மீட்டர் வயரில் இறங்கி வந்து இன்னும் மெலிந்த பிறகு பெருக்கி என்ன பயன்? போடுவதென்றால் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில், மேலேயே போட வேண்டும். இது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

அந்த ரெண்டு ரெண்டான ஆளுக்கும் காரணம் இருந்தது. அலை நேராகவும் வருகிறது, மலையில் பட்டுச் சுற்றியும் வருகிறது. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். டிவியில் கோடு இடமிருந்து வலமாக ஓடுவதால், இருபது இஞ்ச் பெட்டியில் அந்த நிழல் முக்கால் சென்டிமீட்டர் வலது பக்கம் தள்ளி விழும். இதைச் சொன்னது அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அண்ணன். ஒருநாள் பள்ளிக்கூட அட்லஸில் எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தான். ஸ்கேல் அகத்தியர்மலையை உரசிக்கொண்டு போனது. 1868 மீட்டர்.

"நமக்கும் கொடைக்கானலுக்கும் நடுவுல அகத்தியர் உக்காந்திருக்காருப்பா."

விந்தியத்தை அமுக்கியவர் இதையும் கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இலங்கையின் பிதுருதலாகல மலையிலிருந்து வரும் ரூபவாகினி டிவி சில ராத்திரிகளில் கொடைக்கானலைவிட நன்றாகத் தெரியும். அந்தத் திசையில் பெரிய மலை இல்லை, பாதிக்கு மேல் கடல். கோடைக்காலத்தில் கடலுக்கு மேலே வெப்பக் காற்று படுத்துக்கொள்ளும்போது அலை அதற்கடியில் வளைந்து வளைந்து வெகுதூரம் வந்துவிடும். அதற்காகவே தென்கிழக்கைப் பார்த்து இரண்டாவது ஆண்டெனா ஏறியது. சிங்களம் ஒரு சொல் புரியாது. ஆனாலும் பார்த்தோம்.

மலையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மழை பெய்தால் திருவனந்தபுரமும் மங்கியது. அண்ணனை உறுத்தியது அதுதான். முப்பது கிலோமீட்டரில் இருக்கும் நிலையம் ஏன் மங்க வேண்டும்? வயரைத் தடவிக்கொண்டே போனான். பட்டையான ரிப்பன் வயரை இரும்புப் பைப்போடு ஒட்டிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அந்த வயர் இரும்போடு ஒட்டவே கூடாது. ஓட்டு இறவாணத்துக்கு அடியில் முறுக்கிவிட்ட ஒரு இணைப்பு, பச்சை பூத்துக் கிடந்தது. வட்டக் கேபிள் வாங்கி, ஆண்டெனாவின் 300 ஓமையும் கேபிளின் 75 ஓமையும் பொருத்தும் சின்ன பேலன் டப்பாவை நடுவில் போட்டான். மொத்தச் செலவு பூஸ்டரில் பாதிகூட இல்லை. அப்புறம் திருவனந்தபுரம் மழையிலும் அசையவில்லை. கொடைக்கானலில் கொசு பறந்தாலும் பாடுவது யார் என்று தெரிந்தது.

அதனால் இந்தத் தடவை பெரிய தட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். கொட்டும் மழையில் டிஷ் படம் போவது சகஜம், மழைத்துளி அந்த அலையைத் தின்றுவிடும். தூறலுக்கே போனால் கோளாறு வேறு. மட்டுப்பாவில் ஏறினேன். தட்டைப் பிடித்த ஒரு நட்டு காற்றில் ஆடி ஆடித் தளர்ந்திருந்தது. தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் எல்என்பியின் திருகைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், கேபிளின் பின்னல் கம்பி கறுத்துப் போயிருந்தது. ஒரு சாண் வெட்டி எறிந்து, புதுத் திருகு போட்டு, டேப் சுற்றி, தண்ணீர் சொட்டி விழ கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டேன். பிறகு தட்டை மயிரிழை மயிரிழையாக அசைக்க, அம்மா உள்ளேயிருந்து திரையில் தெரியும் குவாலிட்டியை வாசித்தாள்.

"முப்பத்தெட்டு... நாப்பத்தொண்ணு... நிக்கிட்டும் நிக்கிட்டும், எழுவது!"

நட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளுக்காக வைத்த தட்டு, அந்த நாளில் ரூபவாகினி ஆண்டெனா பார்த்த அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நன்றாக அண்ணாந்து, அவ்வளவுதான். இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

ரிமோட்டை எடுத்தாள். "அப்போ சிலோன் வரணுமே மக்களே. எத்தனாம் நம்பர்?"